மருமகன் முகத்தில் பூசிய வெயில்

மடு மாதா துணை

லா சப்பல், பாரிஸ்
1986 மாசி 23, ஞாயிற்றுக்கிழமை

மேன்மைக்குரிய அத்தான் அருட்பிரகாசம் அவர்களுக்கு, மைத்துனன் மடுத்தீன் பாரிஸ் பட்டணத்திலிருந்து வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நானும் மரியமலரும் உங்கள் மகன் லாசரும், குளிரையும் என் முழங்காலையும் கழித்துப் பார்த்தால், சுகமாகவே இருக்கிறோம். நீங்களும் அக்காவும் மன்னாரில் அதே சுகத்தோடும், வெடிச் சத்தமில்லாத நித்திரையோடும் இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

நிற்க. இந்தக் கடிதத்தை இருந்துகொண்டு வாசியுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. லாசரும் சுகம், பேசிய சம்பந்தமும் சுகம். ஆனால் எங்களுக்குக் கீழ்மாடியில் இருக்கும் ஞானரட்ணம் வாரத்துக்கு இரண்டு கடிதம் ஊருக்குப் போடுகிற மனுஷன். பாரிசில் ஒருவர் தும்மினால் அவருடைய கடிதத்தில் அது நிமோனியாவாகித்தான் மன்னாரில் போய் இறங்கும். ‘அருட்பிரகாசம் மாஸ்ரரின் மகனுக்குத் தோல் வருத்தம், பெண் வீட்டார் கலைத்துவிட்டார்கள்’ என்று அவர் எழுதுவதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். நான் இருபத்தாறு வருஷம் தபால் கந்தோரில் இருந்தவன். ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

போன ஐப்பசியிலிருந்து ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அங்கே என்ன நடக்கிறது என்று எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. இங்கிருந்து ஸ்டாலின்கிராட் என்ற மெத்ரோ ரயில் நிலையத்துப் பக்கம் போகும் பெரிய தெருவில், தலைக்கு மேலே பாலத்தில் ரயில் ஓட, அதற்கு எதிரே இருக்கிறது கடை. வாசலில் ஒரு மஞ்சள் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். நிலம் துடைப்பது, கண்ணாடி துடைப்பது, துவாய் மடிப்பது என் வேலை. சேர்ந்த இரண்டாம் நாள், ஒருவரும் இல்லை என்று நினைத்து ஓர் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு சவப்பெட்டி, அத்தான். மூடி பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து நீல வெளிச்சம் அடித்தது. துவாயைப் போர்த்துக்கொண்டு, இரண்டு கண்ணிலும் கறுப்பு மூடி வைத்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அசையாமல் கிடந்தார். எந்தக் கிறிஸ்தவனும் செய்வதைத்தான் நான் செய்தேன். துடைப்பக் கட்டையைச் சாத்தி வைத்துவிட்டுச் சிலுவை போட்டு, மரித்தவர்களுக்கான ‘நித்திய இளைப்பாற்றி’ செபம் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் பிணம் எழுந்து உட்கார்ந்து கத்தியது. அது கத்த நான் கத்த, முதலாளி அம்மா மரி-லூயிஸ் (இங்கே அம்மாமாரை ‘மடம்’ என்றுதான் கூப்பிடுவது) ஓடி வந்து என்னை வெளியே இழுத்துப் போய்த் தண்ணீர் தந்தார். பிறகுதான் விளங்கியது. அது வெயில் பெட்டியாம். இங்கே மாரிகாலத்தில் வெயில் இல்லாதபடியால், இந்தச் சனம் வரிசையில் நின்று பெட்டிக்குள் படுத்து, மின்சார வெயிலில் கறுத்துக்கொண்டு போகிறது. மடம் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்து, இதற்காகத்தான் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள், உனக்கோ பிறந்தபோதே கிடைத்துவிட்டது என்று பாதி சைகையால் சொல்லிச் சிரித்தார். என் ஐம்பத்து நாலு வயதில் என் நிறத்தை ஒருவர் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்குக் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்து வந்தேன்.

இனிச் சம்பந்த விஷயம். ஸ்டாலின்கிராட்டில் இருக்கும் ரோசாலி குருநகர்ப் பக்கத்து மனுஷி. அவருடைய தமையன் மகள் பேர்ளி இங்கே அவருடன்தான் இருக்கிறாள். தனியாக இருக்கும் ஒரு பிரெஞ்சுக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வயது இருபத்தெட்டு, அடக்கமான பிள்ளை என்று சொன்னார்கள். (அடக்கம் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.) லாசரின் படம் ஒன்று வேண்டும் என்று ரோசாலி கேட்டார். அவன் கார் து நோர் நிலையத்தில் படம் எடுக்கும் பெட்டிக்குள் போய் இருந்து எடுத்துக்கொண்டு வந்தான். அந்த இயந்திரத்தின் விளக்கு முகத்துக்கு நேரே மின்னல் மாதிரி அடிக்கும் போல. படத்தில் லாசர் அரிசிமாவில் புரட்டி எடுத்த மீன் மாதிரி இருந்தான். அவனுடைய நிறம் உங்களுக்குத் தெரியும், அது உங்கள் நிறம். குறையாகச் சொல்லவில்லை அத்தான். நீங்கள் அக்காவைப் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘பெற்றோல்மாக்ஸைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வா’ என்று மட்டுந்தான் அப்பு சொன்னார். படம் அப்படி இருந்தது போதாதென்று, மாப்பிள்ளை நல்ல நிறம் என்று யாரோ ஒருவர் ரோசாலிக்கு எழுத்திலும் கொடுத்திருந்தார். அது யார் என்று இப்போது ஆராய்வதில் பயனில்லை. ரோசாலி லா சப்பல் முழுவதும் ‘எங்கட மாப்பிளை எலுமிச்சம்பழ நிறம்’ என்று சொல்லிவிட்டார். தவக்காலம் தொடங்குவதற்கு முதல் ஞாயிறு, மாசி ஒன்பதாம் திகதி, நேரே வந்து பார்ப்பதென்று ஏற்பாடாயிற்று.

அப்போதுதான் லாசர் என்னிடம் வந்தான். “மாமா, உங்கட கடையிலை ஆக்களை வெள்ளையாக்கிற சாமான் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டான். அவன்தான் கேட்டான் என்பதைக் கவனிக்கவும். தோல் கடவுள் தந்தது, அதில் கை வைக்காதே தம்பி என்று நான் எவ்வளவோ சொன்னேன். கண் கலங்கினான். தாய்மாமன் மனசு தாங்குமா? அடுத்த நாள் மடத்திடம் போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் ஒன்று சேர்த்து, மருமகன், கலியாணம், அழகான தோல் என்று மூன்று சொல்லைச் சொல்லிக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். மடத்துக்குக் கலியாணம் என்றாலே உருகிவிடும். என்னைக் கட்டிப் பிடித்து, அலுமாரியைத் திறந்து, புதிதாக வந்த சாமான் என்று ஒரு பெரிய ரியூப்பைக் கையில் வைத்து அழுத்தினார். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘சான் சொலேய்’ என்று போட்டிருந்தது. எனக்குச் சீனி வருத்தம் இருப்பதால் கடைகளில் ‘சான்’ என்று சொல்லித்தான் சீனி இல்லாத கோப்பி வாங்குவேன். ஆகவே ‘சான்’ என்றால் இல்லாமல். ‘சொலேய்’ என்றால் சூரியன், அது எங்கள் கடை வாசலிலேயே தொங்குகிறது. வெயில் இல்லாமல்! நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் சனம் கறுத்தது எதனாலே? வெயிலாலே. அப்படியானால் இது தோலுக்குள் போன வெயிலை வெளியே எடுக்கிற மருந்து. இதில் பிழை பிடிக்க உங்களாலும் முடியாது அத்தான், நீங்கள் கணக்கு மாஸ்ரராக இருந்தாலும். ரெஸ்ரோறன்ரில் வேலை செய்யும் லாசருக்குத் தெரிந்ததோ சமையலறைப் பிரெஞ்சு. வெங்காயம், சட்டி, கெதியாய் என்று காதால் கேட்டுப் பழகியது, பேசினால் விளங்கும், வாசிக்கத் தெரியாது.

சனிக்கிழமை பின்னேரம் அவன் மத்தியான வேலை முடித்து வந்ததும் தொடங்கினோம். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் அவனுடைய இடது காதில் ஒரு பொட்டுப் பூசி, மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிஷம் பொறுத்தேன். காது இருந்தபடியே இருந்தது. சரி, மருந்து மெல்லிசு என்று முடிவெடுத்து முகம், கழுத்து, முழங்கை வரை ஒரு பூச்சு. பத்து நிமிஷம். ஒன்றுமில்லை. இன்னொரு பூச்சு. பிறகு நல்லதுக்கு என்று மூன்றாவது. ரியூப்பை நசுக்கியபோது கடைசியில் கொஞ்சம் வந்தது. அதை வீணாக்குவானேன் என்று என் மொட்டைத் தலையில் தேய்த்துக்கொண்டேன், அதுவும் சில காலமாக மங்கித்தான் கிடந்தது. மரியமலர் சமையலில் நின்றபடி, “இஞ்சருங்கோ, ரெண்டு பேரும் கருகின விசுக்கோத்து மாதிரி மணக்கிறியள்” என்றாள். பெண்களுக்கு விஞ்ஞானம் விளங்காது என்று நான் பதில் சொல்லவில்லை.

அந்த மருந்து மெல்ல மெல்ல, ஆறுதலாகத்தான் வேலை செய்யுமாம், நித்திரை கொள்ளும்போது. ஞாயிறு காலையில் மரியமலர் போட்ட சத்தத்தில் எழும்பினேன். லாசர் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். கறுப்புக்கு மேலே மண்ணிறம், மண்ணிறத்துக்கு மேலே செம்மஞ்சள். நெற்றியில் விரல் போன இடமெல்லாம் கோடு. கழுத்து மடிப்புகள் மட்டும் பழைய நிறத்தில் இருக்க, பார்ப்பதற்கு யாரோ அவனைச் சுருட்டி வைத்து விரித்தது மாதிரி இருந்தது. இடது காது மட்டும் தனியாக ஒரு நிறம். உள்ளங்கை இரண்டும் மஞ்சள் அரைத்த அம்மி. “மாமா, இது வெள்ளையோ?” என்று கேட்டான். நான் ரியூப்பைத் தேடி எடுத்து மறுபடி வாசித்தேன். மரியமலர்தான் வேலையில் இறங்கினாள். தேசிக்காய் பிழிந்து தேய்த்தாள், உப்புத் தேய்த்தாள், கடைசியில் சட்டி மினுக்குகிற பஞ்சை எடுத்தாள். “மாமி, விடுங்கோ, தோல் வந்திடும்!” என்று அவன் கத்த, “தோல் வரட்டும், மானம் நிக்கட்டும்!” என்று இவள் தேய்க்க, போனது ஒன்றுமில்லை, வந்தது சிவப்பு மட்டுந்தான்.

அவனை இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். மடம் கடைக்கு மேல்மாடியிலேயே இருக்கிறார். கதவைத் திறந்து லாசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். அழுகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. சிரித்து முடித்ததும் எங்களை உள்ளே கூட்டிப் போய் இருத்தி ஒவ்வொன்றாகச் சொல்ல, லாசர் எனக்குத் தமிழில் சொன்னான். அது வெள்ளையாக்குகிற சாமான் இல்லை. வெயிலில் படுக்க நேரமில்லாத வெள்ளைக்காரர் வெயில் இல்லாமலே கறுப்பதற்குப் பூசுவது. சாயம் தோலின் மேல்பக்கத்துச் செத்த பகுதியில்தான் பிடித்திருக்கும், ஒரு கிழமையில் தானாக உதிர்ந்துவிடும். தேய்க்கவே கூடாது. அவன் கன்னத்தில் மரியமலர் உரஞ்சிய இடத்தை மடம் தொட்டுப் பார்த்து, முதல் தடவையாகக் கோபித்தார். குளிர்காலத்தில் எந்த நிறத் தோலும் காயும், வெடிக்கும், குளித்த ஈரத்தோடு எண்ணெய் பூசுங்கள், உங்களுக்கு அதைக்கூட ஒருவரும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டார். பிறகு தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் காட்டினார். அத்தான், அந்தக் கழுத்து காய்ந்த கருவாடு மாதிரிச் சுருங்கி, புள்ளி புள்ளியாக இருந்தது. அந்தப் பெட்டிகளுக்குள் வருஷக் கணக்காகப் படுத்ததில் வந்ததாம். இனிப் படுக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். “இவ அதை எல்லாருக்கும் விக்கிறா மாமா, தான் மட்டும் துணியாலை மூடிக்கொண்டு நிக்கிறா” என்று லாசர் மெதுவாகச் சொன்னான். மடம் அவன் முகத்தில் குளிர்ந்த கிறீம் ஒன்றைப் பூசி, கலியாணத்துக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

நாளைத் தள்ளிப் போடலாம் என்றால், அடுத்தது தவக்காலம், பெண் பார்க்கிற விருந்துக்கு ஆகாது. அதோடு ரோசாலி பலகாரம் சுட்டுவிட்டார் என்று செய்தியும் வந்துவிட்டது. ஆகவே லாசருக்குக் கம்பளிக் கையுறை, எனக்குக் கம்பளித் தொப்பி, மரியமலருக்கு நீலச் சேலை என்று புறப்பட்டோம். ரோசாலி வாசலில் நின்று லாசரை மேலும் கீழும் பார்த்தார். படத்தைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“தம்பி, கையுறையைக் கழட்டுங்கோவன். வீட்டுக்குள்ளை குளிரில்லை.”

“அவனுக்குக் கை விறைப்பு” என்றேன் நான், கையைக் கட்டிக்கொண்டு.

பேர்ளி தேநீர் கொண்டுவந்தாள். எனக்குச் சீனி வருத்தம் என்று நான் தப்பிவிட்டேன். லாசர் கம்பளிக் கையால் கோப்பையைப் பிடிக்க, கோப்பை வழுக்க, கொதிக்கிற தேநீர் முழுவதும் கையுறையில். ரோசாலி நல்ல மனுஷிதான். பிள்ளைக்குச் சுட்டுவிட்டது என்று பாய்ந்து கையுறையை உருவினார். உள்ளங்கையைப் பார்த்தார்.

“ஐயோ, செங்கமாரி!”

அடுத்த கணம், காமாலையின் மஞ்சளைத் தேடி, லாசரின் கண் இமையை விரலால் இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “கண் வெள்ளையாய்த்தான் கிடக்கு. ஆனால் முகத்தைப் பாருங்கோ, திட்டுத் திட்டாய்க் கறுத்துப் போச்சு. ஈரல்! என்ரை பெரியப்பா இப்பிடித்தான் போனவர்.”

“அது மஞ்சள், ரோசாலி. ரெஸ்ரோறன்ரிலை அரைக்கிறவன்.”

“பிரெஞ்சுக்காரன்ரை ரெஸ்ரோறன்ரிலை மஞ்சளோ?”

“வெள்ளிக்கிழமையிலை மட்டும்.”

“வருத்தத்தை மறைச்சோ மடுத்தீன் அண்ணை கலியாணம் பேச வந்தனீங்கள்?”

அந்தக் கேள்வி என் நெஞ்சில் நேரே தைத்தது. மரியமலர் நிலத்தைப் பார்த்தாள். ரோசாலியோ, நோயாளிக்கு முதலில் செபம், பிறகு பேச்சு என்று திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். எல்லோரும் எழுந்தோம். செபத்துக்குத் தொப்பியோடு நிற்கிற கிறிஸ்தவன் உண்டா? நான் குளிரைச் சாட்டிக்கொண்டு தொப்பியோடு நிற்க, மரியமலர் பழக்க தோஷத்தில் பின்னால் இருந்து எட்டி அதை உருவிவிட்டாள். ‘பரலோகத்தில் இருக்கிற’ என்று தொடங்கிய ரோசாலி திரும்பிப் பார்த்தார். என் தலை அப்போது புளி போட்டு மினுக்கிய செப்புக்குடம் மாதிரி இருந்ததாம்.

“உங்களுக்குமோ! ஐயோ, தொத்து வருத்தம்!” என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பேர்ளி தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். மெதுவாக என்னிடம் வந்து, குனிந்து, என் தலையை மோந்து பார்த்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் தலையை மோந்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“மாமி, இது வருத்தம் இல்லை. நான் பாக்கிற கிழவி கோடை வர முன்னம் காலுக்குப் பூசிற சாமான். இதே விசுக்கோத்து மணம்.” பிறகு லாசரின் பக்கம் திரும்பினாள். “ஆர் இதைப் பூசச் சொன்னது?”

லாசர் என்னைப் பார்த்தான். நான் திருஇருதய ஆண்டவரைப் பார்த்தேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை” என்றான். “நான்தான். நிறமாய் வருவம் எண்டு.”

“ஏன்?”

“உங்கட மாமி படத்தைப் பாத்துத்தானே ஓமெண்டவா. ஆளைப் பாத்தால் வேண்டாமெண்டிடுவியள் எண்டு நினைச்சன்.”

பேர்ளி சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை அத்தான், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

“படத்தைப் பாத்தது மாமி. நான் ஆளைப் பாத்தனான். மூண்டு கிழமைக்கு முன்னம், உங்கட ரெஸ்ரோறன்ரின்ரை பின்கதவிலை. வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டு நிண்டனீங்கள். பனியிலை ஒரு கிழவர் சறுக்கினார். மூட்டையைப் போட்டிட்டு ஓடிப்போய்ப் பிடிச்சனீங்கள். வெங்காயம் எல்லாம் றோட்டிலை. முதலாளி கத்துறான், நீங்கள் அந்தக் கிழவற்றை தொப்பியைத் தட்டிக் குடுத்துக்கொண்டு நிக்கிறியள். அண்டைக்கு வீட்டை வந்துதான் நான் ஓமெண்டனான்.”

லாசர் மஞ்சள் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். அவன் முகம் சிவந்திருக்கும், ஆனால் இருந்த நிறத்தில் அது ஒருவருக்கும் தெரியவில்லை. ரோசாலிதான் முதலில் சுவரை விட்டு வந்தார். “எனக்குச் சொல்லாமல் ஆளைப் பாக்கப் போனனியோ?” என்று தமையன் மகளைப் பிடித்துக்கொண்டார். அடக்கமான பிள்ளையோ, “கட்டப் போறது நான்தானே மாமி” என்று சொல்லிவிட்டு லாசருக்கு இன்னொரு தேநீர் ஊற்றப் போனாள். அரைமணி நேரம் கழித்துப் பலகாரத் தட்டு வந்தது. ரோசாலி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சாயம் போனபிறகு வந்து காட்ட வேண்டும், ஈரல் இல்லை என்று தன் கண்ணால் கண்டுதான் திகதி வைப்பார். அடுத்த ஞாயிறு போனோம். யன்னல் வெளிச்சத்தில் அவனை நிறுத்தி, இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அப்ப படத்திலை இருந்த ஆள் ஆர்?” என்று பெருமூச்சு விட்டு, சம்மதம் சொன்னார். பாஸ்குத் திருநாள் கழிந்த இரண்டாம் சனிக்கிழமை கலியாணம். நீங்களும் அக்காவும் அங்கிருந்தே அந்த நேரம் ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள்.

அத்தான், இந்தக் கடிதத்தின் சாரம் இதுதான். லாசர் செய்தது சின்னப்பிள்ளைத்தனம். இளம் வயதில் யாரும் செய்வதுதான், நீங்கள் கோபித்து ஒன்றும் எழுத வேண்டாம். நான் அவனுக்குப் புத்தி சொல்லிவிட்டேன். ஊரில் ஒருவருக்கும் தெரியக்கூடாது, அக்காவிடம் மேலோட்டமாக மட்டும் சொல்லுங்கள். ஞானரட்ணத்தின் கடிதம் வந்தால் அடுப்பில் போடுங்கள். அக்காவின் இளைப்புக்கும் உங்கள் கண் படலத்துக்கும் மாதா நல்ல சுகம் தரட்டும். பங்குச் சுவாமிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் தோத்திரம். மரியமலர் தன் அன்பை இந்தத் தாளில் மடித்து அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
சூ. மடுத்தீன்

பி.கு.: உங்களுக்கு இரண்டு வரி எழுதட்டும் என்று கடிதத்தை லாசரிடம் கொடுத்தேன். முழுவதையும் வாசித்தான். ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அப்பாவுக்கு இதை இப்பிடியே அனுப்பப் போறியளோ மாமா?” என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். ஆகவே எழுதுகிறேன். அவன் என்னிடம் ஒரு சாமானும் கேட்கவில்லை. மாப்பிள்ளை நல்ல நிறம் என்று ரோசாலிக்கு எழுதிக் கொடுத்தது நான். அது பொய்யாகிவிடுமே என்று மடத்திடம் போய் ரியூப் வாங்கி வந்ததும் நான். “வேண்டாம் மாமா, அவை இருக்கிறதைப் பாக்கட்டும்” என்று சொன்னவனைக் கதிரையில் இருத்தி, மூன்று பூச்சும் என் கையால் பூசினேன். அவன் துடைக்கத் துடைக்க அவனுடைய உள்ளங்கையும் மஞ்சளாயிற்று. என்னுடையது அதைவிட மோசம், அதனால்தான் அன்று முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் உங்கள் மகன் ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அதை எனக்காகச் சொன்னான். இந்தக் குணம் எங்கள் பக்கத்தால் வந்ததில்லை, உங்கள் பக்கந்தான்.

பேர்ளிக்கு இது அன்றைக்கே தெரியுமாம். தலையை மோந்தபோது கையையும் பார்த்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை அவள் இங்கே சாப்பிட வருகிறாள். நான் எங்கே போய் ஒளிவது என்று மறுதபாலில் தெரியப்படுத்தவும்.